இத்ரிஸுக்கு நான் எழுதிய கல்வெட்டு

1

இத்ரிஸ் சாகவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் பாதிப் பேர் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே இன்னும் நம்புகிறார்கள். ஊரிலிருந்தும் இரண்டு பேர் தொலைபேசியில் விசாரித்தார்கள். மனிதர் நலமாக இருக்கிறார். என்னைவிட நலமாக இருக்கிறார். ஐம்பது தாண்டியும் தலைமுடி கொட்டவில்லை, வயிறு வைக்கவில்லை.

வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. வழக்கம்போல மரக்கறி வாங்க, நாங்கள் குடியிருக்கும் புறநகரான பொண்டியிலிருந்து ரயிலில் வந்து, இரண்டாம் இலக்க மெத்ரோ ஓடுகிற பாலத்துக்குக் கீழால் நடந்து, அச்சகம் வைத்திருக்கும் சிவாவின் கடைக்கு முன்னால் வந்தேன். கண்ணாடியில் இத்ரிஸின் படம் ஒட்டியிருந்தது. சிவப்புச் சட்டை போட்ட இளம் இத்ரிஸ். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. சுற்றிவர மலர்வளையம். கீழே நான் எழுதிய வாசகம்.

அதன் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நல்ல மனிசன். பிள்ளையளுக்குப் பந்து பழக்கினவர். எப்ப நடந்தது அண்ணை?"

"ஒண்டும் நடக்கேல்லை."

"அப்ப இது?"

"பிரியாவிடை."

"அதைத்தானே கேக்கிறன்" என்றார்.

2

வாசகர்களுக்கு இத்ரிஸைச் சொல்ல வேண்டும். மொரோக்கோ தேசிய அணியில் முன்வரிசையில் விளையாடியவர். அகாதீருக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் பிரான்சின் வடக்கே ஓர் இரண்டாம் பிரிவுக் கழகத்துக்கு வந்தார். அங்கே பனியும் சேறும். முதல் வருடம் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் வாங்கிலேயே இருந்தார். இரண்டாம் வருடம் அவரை வெளியே இருத்த யாராலும் முடியவில்லை. பிறகு தேசிய அணிக்கு அழைத்தார்கள். ஆறு வருடம் அந்தச் சிவப்புச் சட்டை. பிறகு வலது முழங்கால். சத்திரசிகிச்சை, திரும்பி வருதல், மறுபடி சத்திரசிகிச்சை. கடைசி இரண்டு பருவங்களில் ஆட்டம் முடியச் சிறிது நேரம் இருக்கும்போதுதான் இறக்கினார்கள். அதற்குப் பிறகு எங்கள் பொண்டியில் வீடு வாங்கி, நகரசபை மைதானத்தில் சிறுமிகளுக்குப் பந்து பழக்கத் தொடங்கினார்.

இவற்றுக்கெல்லாம் திகதி இருக்கிறது. என்னுடைய வயிற்றெரிச்சலின் பெரும் பங்கு இதுதான். நான் திகதி பார்க்கிறவன். ஊரில் பள்ளிக்கூட அணியில் நான் பந்து உதைத்தவனல்ல. உதைத்தவர்களின் பெயரையும் நிமிடத்தையும் எழுதியவன். அந்த ஏடுகளெல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. இங்கே வந்த பிறகு என் வாழ்க்கையை நானே குறித்து வைத்தாலொழிய வேறு யாரும் குறிக்கப்போவதில்லை. இத்ரிஸுக்கோ பத்திரிகைக்காரர்கள் குறித்தார்கள், தொலைக்காட்சி குறித்தது, அவர் ஊர்த் தேநீர்க்கடைக்காரன்கூட மனப்பாடமாகச் சொல்வானாம். அந்த மனிதர் எதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லாமல் வாழ்ந்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு ஆடியிலும் அவருடைய காரின் கூரையில் சைக்கிள், கம்பளம், குளிர்சாதனப் பெட்டி என்று ஒரு சிறு மலை ஏறும். கட்டி முடித்து, ஸ்பெயினைக் கடந்து, கப்பலில் ஏறி ஊருக்குப் போவார். ஆவணி முடிய, மலைக்குப் பதிலாக எண்ணெய்க் கலன்களுடன் திரும்பி வருவார். நான் அகதிப் பயணப் புத்தகத்துடன் இருந்த காலம் அது. எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், என் நாட்டைத் தவிர என்று அதில் அச்சடித்திருக்கும். குடியுரிமைக்காக பொபினி பிரிபெக்சர் அலுவலகத்தில் விடியமுன் வரிசையில் நின்றேன். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்துக் கொடுத்தால், அப்பாவின் பெயரை என் பெயராக்கி, என் பெயரை நடுவில் செருகித் திருப்பித் தந்தார்கள். அதைத் திருத்த இன்னொரு வரிசை. எல்லாம் முடிந்து கடவுச்சீட்டு கைக்கு வந்தபோது, போய்க் கதவைத் தட்ட அங்கே எனக்கென்று யாரும் இருக்கவில்லை.

3

என் மகள் ஆரணியைப் பதினொரு வயதில் அவரிடம் விட்டோம். விட்டோம் என்பதே சரி. பந்தில் ஆர்வம் என்று யாரும் நினைக்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் இங்கே பள்ளிக்கூடம் இல்லை. மனைவி சாந்தி அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போவாள். நான் சாப்பாட்டுக்கடைக் குசினியில். பிள்ளையைத் தனியே வீட்டில் வைக்கப் பயம். நகரசபை மைதானத்துக்குக் காசு மிகக் குறைவு, வாசலில் கேற் இருந்தது, ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

ஒரு வருடத்துக்குள் வீட்டில் புதுச் சொற்கள். எதையாவது உண்மை என்று நிரூபிக்க வேண்டுமானால் பிள்ளை "வல்லா" என்று சத்தியம் பண்ணத் தொடங்கினாள்.

"என்னடி அது? எங்கை பழகினனீ?" என்று சாந்தி கேட்டாள்.

"எல்லாரும் சொல்லுறவை அம்மா. கோச்சும் சொல்லுறவர்."

கோச் சொன்னால் சரி. கோச் பாலைக் குடிக்கச் சொன்னால் குடிப்பாள். நான் பத்து வருடம் சொல்லியும் குடிக்காத பால். கோச் நேரத்துக்கு நித்திரை கொள்ளச் சொன்னால் கொள்ளுவாள். எங்களுடன் பாதி பிரெஞ்சில் மறுமொழி சொல்லும் பிள்ளை, அவருடைய தாய் ஒருமுறை வந்து நின்றபோது அந்த அம்மாவின் பெர்பர் மொழியில் நாலு வசனம் பழகிக்கொண்டு வந்தாள். சாந்தியும் விதிவிலக்கல்ல. வடை சுடுகிற நாளில் மொறுமொறுப்பாக வருவதைப் பொறுக்கித் தனியே வைப்பாள். நான் கை நீட்டினால், "அது இத்ரிஸுக்கு. நீங்கள் மற்றதை எடுங்கோ" என்பாள்.

ஆரணி வளர்ந்து பக்கத்து ஊரான ஓல்னேயில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், மாலையில் அந்த மைதானத்துக்குத்தான் போனாள். அவருக்கு உதவிப் பயிற்சியாளர். போன மாசியில் ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். இத்ரிஸ் ஊரோடு போகிறார், அங்கே பெண் பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்துப் பள்ளி தொடங்குகிறார், தன்னையும் கூப்பிட்டிருக்கிறார், ஆவணியில் தானும் போகிறாளாம்.

"எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை அப்பா."

"ஒல்லாந்திலை உன்ர சித்தப்பா இருக்கிறார், கனடாவிலை மாமி இருக்கிறா. அங்கை எண்டாலும் பரவாயில்லை."

"அங்கை எனக்கு என்ன வேலை?"

சாந்தி அழவில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினாள். நான் அடக்கிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் தன் ஊருக்குத் திரும்பிப் போகிறார், அது போதாதென்று என் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறார். எனக்கு அப்போது இருந்த நினைப்பு அது ஒன்றுதான்.

பிறகு அவளே கேட்டாள். "அப்பா, நீங்கள் எல்லாருக்கும் எழுதிக் குடுக்கிறனீங்கள்தானே. கோச்சுக்கும் ஒண்டு எழுதுங்கோ. பிரியாவிடைக்குச் சின்னப் புத்தகம். தமிழ்ப் பிள்ளையளின்ரை அம்மா அப்பாமார் வாசிக்கட்டும். பிரெஞ்சிலை நான் மாத்துறன்."

ஓம் என்றேன். நல்ல மனதோடு சொன்ன ஓம் அல்ல. ஒரு மனிதனின் வாழ்க்கையைத் திகதி திகதியாகப் பிரித்தால் எங்காவது ஓர் ஓட்டை இருக்கும். பிள்ளை போகமுன் அதைக் கண்டுபிடித்துக் கண்ணுக்கு முன் வைக்கலாம் என்று நினைத்தேன்.

4

ஓட்டை இருந்தது, ஊரறிந்த ஓட்டை. ஒரு தகுதிகாண் போட்டி. கடைசி நிமிடங்கள். கோல் காவலாளி விழுந்து கிடக்கிறார், கோல் திறந்து கிடக்கிறது, இத்ரிஸ் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. அந்த முறை மொரோக்கோ வெளியேறியது.

லா சப்பலில் நாங்கள் தேநீர் குடிக்கும் கடைக்கு அவரைக் கூப்பிட்டேன். உள்ளே வந்ததும் மூலையில் மாவு கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த அல்ஜீரியக்காரர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து கைகொடுத்தார். கடை முதலாளி என்னைப் பார்த்து, "அண்ணை, இவரைத் தெரியுமோ உங்களுக்கு?" என்றார். நான் அந்தக் கடைக்கு இருபது வருடமாகப் போகிறேன்.

இத்ரிஸ் வடையைப் பிய்த்தபடி, "மதாம் சாந்தியின் வடை இதைவிட நல்லது" என்று பிரெஞ்சில் சொன்னார். தெரியும், மொறுமொறுப்பானது முழுக்க உங்களுக்குத்தானே வருகிறது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நேரே அந்தப் போட்டியைக் கேட்டேன்.

"எல்லோரும் அதைக் கடைசியில்தான் கேட்பார்கள்" என்றார். "வெட்கப்பட்டுக்கொண்டு. நீங்கள் முதலிலேயே கேட்கிறீர்கள். நல்லது."

"என்ன நடந்தது?"

"இடது காலால் உதைத்திருக்க வேண்டும். வலது காலால் உதைத்தால் அழகாக இருக்கும் என்று நினைத்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அம்மா ஒரு கிழமை ரொட்டி சுடப் பொதுச் சூளைக்குப் போகவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் மாவையும் எடுத்துப்போய்ச் சுட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார்கள். என்னைத் திட்டிக்கொண்டே தந்தார்கள்."

சிரித்தார். நான் எழுதிக்கொண்டேன். ஒரு நாட்டின் முன்னால் தவறு செய்து, திட்டும் வாங்கி, சுடச்சுட ரொட்டியும் வாங்கிய மனிதர். என் தவறுகளுக்காக யாரும் இவ்வளவு சிரமப்பட்டதில்லை. அந்தத் தோல்வியின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

5

இனி, அந்தப் பிழை நேர்ந்த விதம்.

இங்கே எங்கள் ஆட்களில் யாராவது இறந்தால் முப்பத்தோராம் நாள் ஒரு நினைவு மலர் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று சொல்வோம். அதை எழுத என்னிடம் வருவார்கள். பிறந்த ஊர், தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்கள், படிப்பு, தொழில், புலம்பெயர்ந்த விதம், குணம். திகதிகளில் பிழை விடமாட்டேன் என்று எனக்குப் பெயர். எவ்வளவோ பேருக்கு எழுதியிருக்கிறேன். உயிரோடு இருக்கிற ஒருவருக்கு எழுதியதில்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை. கை போன போக்கில் எழுதினேன். அகாதீருக்குத் தெற்கே இன்ன ஊரில், இன்னாருக்கு மூன்றாவது புதல்வராய், இன்ன திகதியில் இவ்வுலகில் உதித்தார் என்று.

சிவாவுக்கு அனுப்பினேன். அவனிடமும் கல்வெட்டுக்கென்று ஓர் அச்சு வார்ப்பு இருக்கிறது. என் பெயரில் எழுத்து வந்தால் அந்த வார்ப்பில் போடுவான். படத்தை நடுவில் வைத்து விளக்குகளை ஏற்றிவிட்டு எனக்குத் தொலைபேசி அடித்தான். நான் அப்போது ஓல்னேயிலிருந்து ட்ராமில் வந்துகொண்டிருந்தேன். எனக்கு இப்போது அங்கே ஒரு களஞ்சியத்தில் வேலை.

"அண்ணை, மறைவுத் திகதியைக் காணேல்லை."

இரைச்சல். "எதைக் காணேல்லை?"

"திகதி. ஒரு திகதி குறையுது."

நான் எழுதியதில் ஒரு திகதி குறைகிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். "ஒண்டும் குறையாது. குடுத்தபடி அடி" என்றேன்.

குடுத்தபடி அடித்தான். மரண அறிவித்தல்கள் ஒட்டும் கண்ணாடியில், மரியாதைக்கு, விடிந்ததும் ஒன்றை ஒட்டியும் விட்டான்.

6

ஆரணியும் இத்ரிஸும் மத்தியானத்துக்கு முன்னரே வந்துவிட்டார்கள். அதற்குள் அவளுக்கு அனுதாபம் சொல்லி ஏராளமானோர் தொலைபேசி எடுத்துவிட்டார்களாம். இத்ரிஸ் கண்ணாடிக்கு முன்னால் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல படம். நான் அழகாக இருந்திருக்கிறேன்" என்றார். "விளக்கு எதற்கு?"

"கௌரவத்துக்கு" என்று சிவா பிரெஞ்சில் சொன்னான். முகம் வெளிறியிருந்தது.

இத்ரிஸ் தன் தொலைபேசியைச் சிவாவிடம் கொடுத்து, தன் மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பித்துக்கொண்டார். அம்மாவுக்கு மட்டும் அனுப்பமாட்டேன் என்றார். தொப்பி கழற்றினவர் திரும்பி வந்து அவரைத் தொட்டுப் பார்த்தார். தெருவே சிரித்தது. இதையும் வெற்றியாக்கிவிட்டார் மனிதர்.

ஆரணி சிரிக்கவில்லை. என்னை உள்ளே, காகிதக் கட்டுகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனாள்.

"சிவா மாமாவிலை பிழையில்லை அப்பா. நீங்கள் எழுதினதை வாசிச்சிட்டுத்தான் அவர் விளக்கு வைச்சவர்."

"வார்ப்பு மாறிப்போச்சு, பிள்ளை."

"வார்ப்பை விடுங்கோ. நான் பிரெஞ்சிலை மாத்த வேணுமெண்டு ஒவ்வொரு சொல்லா வாசிச்சனான். எனக்குத் தமிழ் வாசிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். முழங்கால் உடைஞ்சதோடை முடிஞ்சுபோச்சு."

"விளையாட்டு வாழ்க்கை அதோடை முடிஞ்சதுதானே."

"பிறகு?"

"பிறகு பொண்டியிலை குடியேறி, சிறுமியருக்குப் பயிற்சி அளித்தார் எண்டு எழுதியிருக்கிறன்."

"ஒரு வரி."

நான் ஒரு காகிதக் கட்டின் மூலையைச் சரிசெய்தேன்.

"அந்த ஒரு வரிக்குள்ளை நான் இருக்கிறன் அப்பா. பதினைஞ்சு வருசம். ஒரு கோலை விட்டதுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறியள். எனக்கு ஒரு வரி."

என்னுடைய எழுத்தில் இதுவரை யாரும் கண்டுபிடிக்காத பிழையை, தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள். மறதியில் விட்டதல்ல அது. அந்தப் பதினைந்து வருடத்தை எழுத வந்தபோது என் கை சுருங்கியது. அவர் அவளுக்கு என்னவாக இருந்தார் என்பதை என் கையால் எழுதிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

"எழுதுறன்" என்றேன்.

"போறதுக்கு முதல் எழுதுங்கோ" என்றாள். அப்போதுதான் அவள் கட்டாயம் போகத்தான் போகிறாள் என்பது எனக்கு உறுதியானது.

7

எழுத உட்கார்ந்தால் என்னிடம் ஒன்றும் இல்லை. இத்ரிஸின் போட்டிகள் அத்தனைக்கும் விபரம் இருக்கிறது. என் மகளின் போட்டிகளுக்கு இல்லை. சனியும் ஞாயிறும் சாப்பாட்டுக்கடையில் சட்டி கழுவியவனுக்கு அவளுடைய ஆட்டங்களைப் பார்க்கக் கிடைத்தது குறைவு. அவளிடமே கேட்கக் கூச்சமாக இருந்தது. அடுத்த புதன்கிழமை மைதானத்துக்குப் போய் இத்ரிஸுக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதி விளங்காது.

"ஆரணி முதலாவது கோல் அடித்தது எப்போது?"

அவர் யோசிக்கவே இல்லை. "தூசான் இலையுதிர்கால விடுமுறை முடிந்து வந்த முதல் புதன். மழை. இடது காலால் அடித்தாள். எதிரணிக் காவலாளி அவளைவிட இரண்டு மடங்கு உயரம்."

எழுதினேன்.

"ஆறு மணிக்கு நீங்கள் கூட்டிப்போக வந்தீர்கள். நீலக் குடை. கேற் வரைக்கும் ஓடிவந்து உங்களிடம் சொன்னாள்."

"என்னிடமா?"

"உங்களிடம்தான். நீங்கள் அவளுடைய ஜக்கெட்டைப் பூட்டச் சொன்னீர்கள்."

எனக்கு அந்த நாள் ஞாபகத்தில் இல்லை. குடை மட்டும் ஞாபகம் வந்தது.

இத்ரிஸ் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்று மழையில் பதினைந்து பிள்ளைகள் நனைந்து நின்றார்கள். நான் கோலைப் பற்றித்தான் நினைத்தேன். ஜக்கெட்டைப் பற்றி நினைத்த ஆள் நீங்கள் ஒருவர்தான்."

அந்த மனிதர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அவரை வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

அந்த வாங்கில் மூன்று புதன்கிழமைகள் இருந்து கேட்டேன். பதினைந்து வருடமும் வந்தன. அவள் கை உடைத்தது, நடுவருடன் சண்டை பிடித்தது, பரீட்சை வருடத்தில் வராமல் விட்டு மூன்றாம் கிழமையே திரும்பி வந்தது. எங்கள் வீட்டில் இருந்துகொண்டே எனக்குத் தெரியாமல் நடந்தவை. மலரில் அந்தப் பகுதிதான் எல்லாவற்றிலும் நீளம். ஜக்கெட்டையும் எழுதினேன். பிரியாவிடை மண்டபத்தில் ஆரணி அதைத் தமிழிலேயே வாசித்தாள். திக்கித் திக்கி வாசித்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. முடிந்ததும் நேரே போய் இத்ரிஸைத்தான் கட்டிப்பிடித்தாள். பிறகு என்னிடம் வந்தாள். வரிசை அப்படித்தான் இருந்தது. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

ஆவணி முதற்கிழமை அவருடைய கார் எங்கள் வாசலுக்கு வந்தது. கூரையில் இந்தமுறை பந்துகள் நிறைந்த வலைகள். ஆரணியின் பையை எடுக்க இத்ரிஸ் குனிந்தார். நான் விடவில்லை. இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது, ஆனாலும் நானே ஏற்றினேன். சாந்தி வழியில் சாப்பிட ஒரு பெட்டி கொடுத்தாள். அதில் இருந்தது வடைதான்.

"மார்கழியில், நத்தார் விடுமுறைக்கு வாருங்கள்" என்றார் இத்ரிஸ். "வீட்டில் இடம் இருக்கிறது."

"பாப்பம், பாப்பம்" என்றேன்.

ஆரணி கண்ணாடியை இறக்கி, "பாப்பம் எண்டு சொல்லாதேங்கோ அப்பா. லீவு எழுதிக் குடுங்கோ. அம்மா, நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள். கார் போய்விட்டது.

திங்கட்கிழமை ஓல்னேயில், களஞ்சியப் பொறுப்பாளரான பிரெஞ்சுப் பெண்ணிடம் நத்தார் விடுமுறை கேட்டேன். அந்த மாதத்தில் நான் ஒருபோதும் விடுமுறை கேட்டதில்லை. கணினியில் தட்டியபடி அவள் கேட்டாள்.

"ஊருக்குப் போகிறீர்களா?"

இங்கே எல்லா வெளிநாட்டவரிடமும் அப்படித்தான் கேட்பார்கள். முப்பது வருடமாக இல்லை என்று சொல்லியே பழகிய கேள்வி. போகிற இடம் இத்ரிஸின் ஊர் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஓம்" என்றேன். "மகள் அங்கை இருக்கிறாள்."

தமிழில் சொல்லிவிட்டேன் என்று அவள் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. பிரெஞ்சில் இன்னொருமுறை சொன்னேன்.